இது மோகனம் இல்லை, அப்பா

நம் சங்கத்தின் 1989-ஆம் ஆண்டு மலரை யாராவது இன்னும் பத்திரமாக வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் 'கர்நாடக, ஹிந்துஸ்தானி ராகங்கள்: ஓர் ஒப்பீடு' என்று ஒரு கட்டுரை இருக்கும். எழுதியவன் அடியேன்தான். கட்டுரை என்று பெயரே தவிர, உண்மையில் அது ஒரு பட்டியல். இடது பக்கம் நம் ராகம், வலது பக்கம் அவர்களுடைய ராகம், நடுவில் ஒரு சமக்குறி. கல்யாணிக்கு யமன், மாயாமாளவகௌளைக்கு பைரவ், கரஹரப்ரியாவுக்கு காஃபி, ஹிந்தோளத்துக்கு மால்கௌன்ஸ். இப்படி இரண்டு பக்கம். பன்னிரண்டாவது வரி, மோகனம் = பூப்.

அந்தப் பட்டியலுக்குக் கிடைத்த வரவேற்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பாட்டு வகுப்பு நடத்தும் அம்மாக்கள் ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள். மாதுங்காவில் ஒரு வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். அலுவலகத்தில் மராத்தி நண்பர்கள் ஏதாவது பாட்டைப் போட்டால் "இது எங்க சிவரஞ்சனிப்பா" என்று நம்மவர்கள் சட்டென்று சொல்வதற்கு அது உதவியது. ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் பாட்டைக் கேட்டு முடித்த மாதிரிதானே நமக்கு!

பட்டியலில் ஒன்றிரண்டு அச்சுப் பிழைகள் இருந்தன. அவற்றை அடுத்த ஆண்டே திருத்தினேன். பிழையென்று எனக்கே தெரியாத பிழை ஒன்று இருந்தது. அதைத் திருத்த இவ்வளவு காலம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பாடகி.

1996-ஆம் ஆண்டு என்று ஞாபகம். என் பெண் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள், வர்ணம் பத்து, கீர்த்தனை நாற்பது வரை வந்திருந்தாள். ஒருநாள் தோழி கொடுத்தாள் என்று ஒரு கேசட்டைக் கொண்டுவந்து போட்டாள். கிஷோரி ஆமோன்கர். ஒரு பக்கம் பூப், மறுபக்கம் பாகேஸ்ரீ.

நான் ஹிந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "மோகனம்" என்றேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இது மோகனம் இல்லை, அப்பா. பூப்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. என் லிஸ்டைப் பாரு."

"லிஸ்ட்ல தேஷ்கார் எங்கே இருக்கு?" என்றாள்.

தேஷ்கார் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றுதான் விட்டிருந்தேன். ஏனென்றால் தேஷ்காருக்கும் அதே ஐந்து ஸ்வரங்கள்தான். ச ரி க ப த. அதையும் மோகனம் என்று எழுதினால் இரண்டு வரி ஒரே மாதிரி வந்துவிடும், அச்சுப் பிழை என்று நினைப்பார்கள். கணக்கு சரியாக வரவேண்டும் என்பதற்காக ஒரு ராகத்தையே கழித்துக்கட்டியவன் நான். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு அந்தக் கை வரிசை கொஞ்சம் வரத்தான் செய்யும்.

அன்று அவள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பேப்பரைக் கீழே வைத்தேன்.

அந்தப் பாடகியைப் பற்றிச் சில விவரங்கள். நம்மில் இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. கிஷோரி ஆமோன்கர் 1932-இல் பிறந்தவர். தாயார் மோகுபாய் குர்டிகர், தாமே பெரிய பாடகி. 'குர்டிகர்' என்றால் குர்டி ஊர்க்காரர். கோவாவில் இருந்த அந்தக் கிராமம் பின்னாளில் சாலாவ்லி அணைக்குள் மூழ்கிப்போனது. கோடையில் நீர் வற்றும்போது மட்டும் பழைய சுவர்களும் கோயிலும் வெளியே தெரியும் என்கிறார்கள். மோகுபாயின் குரு அல்லாதியா கான் (1855–1946), ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானாவை நிலைநிறுத்தியவர். கரானா என்றால் நாம் பாணி என்போமே அதுதான், கூடவே கொஞ்சம் குடும்பம், கொஞ்சம் ரத்த பந்தம். அல்லாதியா கானுக்கு நடுவயதில் குரல் கெட்டுப்போய், இருக்கிற குரலுக்கேற்ப ஒரு புதிய பாணியையே அவர் கட்டிக்கொண்டார் என்பது ஹிந்துஸ்தானி ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த வரலாறு. கிஷோரிக்கும் ஒருசமயம் குரல் போய்ச் சில ஆண்டுகள் பாடமுடியாமல் இருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது வேறு மாதிரி பாடினார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 1987-இல் பத்மபூஷண், 2002-இல் பத்மவிபூஷண்.

எல்லாரும் அவரைக் 'கிஷோரிதாயி' என்றே சொல்வார்கள். நம் காதுக்கு அது அம்மா என்று கேட்கும். மராத்தியில் தாயி என்றால் அக்கா. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தாயார் காலத்தில் பாடும் பெண்களைப் 'பாய்' என்பார்கள். அந்தச் சொல்லில் மரியாதையும் இருக்கும், கூடவே அவமரியாதையும் ஒளிந்திருக்கும். கச்சேரிக்குப் போன இடங்களில் தாயார் நடத்தப்பட்ட விதத்தைச் சிறுமியாகப் பார்த்து வளர்ந்தவர் கிஷோரி. பின்னாளில் சன்மானம், தங்குமிடம், சபையின் ஒழுங்கு எல்லாவற்றிலும் அவர் கறாராக இருந்ததற்கு அதுவே காரணம் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரைக் கோபக்காரி என்று சொன்னவர்கள் பலர். நம் ஊரில் வீணை தனம்மாள் வீட்டுக் கச்சேரியில் யாரும் மூச்சுவிடத் தயங்குவார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையை இவருக்கும் கொடுத்துவிட்டால் போகிறது.

சரி, பூப்புக்கு வருகிறேன்.

அந்தக் கேசட்டை ஒரு மாதம் கேட்டேன். முதலில் பெண் தூங்கிய பிறகு, பிறகு அவள் எதிரிலேயே. நம் மோகனத்தில் ஐந்து ஸ்வரங்களும் ஏறக்குறைய சம பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எங்கிருந்தும் புறப்படலாம். ரிஷபமும் தைவதமும் அசைந்துகொண்டே இருக்கும். காந்தாரத்தையும் வெகுநேரம் சும்மா நிற்க விடமாட்டோம். அதனால்தான் மோகனம் எப்போதும் உற்சாகமாக, வீட்டில் விசேஷம் நடக்கிற மாதிரி இருக்கிறது. வர்ணம் முதல் விருத்தம் வரை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

பூப்பில் காந்தாரம்தான் வீட்டு எஜமானி. மற்ற ஸ்வரங்கள் அதைப் பார்க்க வருகின்றன, பார்த்துவிட்டுப் போகின்றன. கிஷோரி பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்குவதைக் கேட்டால் இது புரியும். அவர் இறங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு வருகிறார். வந்து சேர்ந்ததும் காந்தாரத்தில் ஒரு துளி ஆட்டம் இல்லாமல் நிற்கிறார். அது வெறுமனே நிற்கிற நிலை இல்லை. விளக்கைக் காற்றுப்படாமல் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறோமே, அந்த மாதிரி நிற்பது. தைவதத்தை அவர் அதிக நேரம் பிடிப்பதே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மோகனத்தில் தைவதத்தில் நின்று மேல் சட்ஜத்துக்குத் தாவுவதில்தானே நமக்கு ருசி? பிறகுதான் உறைத்தது. தைவதத்தில் கால் ஊன்றினால் அது பூப் இல்லை, தேஷ்கார் ஆகிவிடும். பூப் மாலை கழிந்து பாடுவது, தேஷ்கார் காலையில் பாடுவது. ஐந்தே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு அவர்கள் ராத்திரியையும் பகலையும் பிரித்திருக்கிறார்கள். என் பட்டியலில் அந்தப் பிரிவினைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இதோடு 'சுத்த கல்யாண்' என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஏறும்போது பூப், இறங்கும்போது நிஷாதமும் மத்யமமும் நிழலாகத் தெரியும். அதையும் மோகனகல்யாணி என்று ஒரு சமக்குறி போட்டு முடித்திருந்தேன். பெயர் ஒற்றுமையை நம்பினாலும் ஆபத்துதான். நம் பூபாளம் வேறு, அவர்கள் பூப் வேறு. நம் ஹிந்தோளத்துக்கும் அவர்கள் ஹிண்டோலுக்கும் எந்த உறவும் இல்லை. நம் தோடியை அவர்கள் தோடியோடு சேர்த்துக் கேட்டால் இரண்டு வீட்டாரும் கோபித்துக்கொள்வார்கள்.

அதே ஒலித்தட்டில் பூப்பின் கடைசியில் வருகிற துரித பந்திஷ் 'சஹேலா ரே' அவரே இயற்றியது. மகாராஷ்டிரத்தில் சங்கீதம் தெரியாதவர்கள்கூட அதை முணுமுணுப்பார்கள். என் பெண்ணும் முணுமுணுத்துக்கொண்டே காய் நறுக்கினாள். சாகித்யம் இரண்டே வரி. நாம் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று வேளைச் சாப்பாடு சாப்பிட்டுப் பழகியவர்கள். "இரண்டு வரியை வச்சிக்கிட்டு இவ்வளவு நேரமா?" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் நம் நிரவலும் அதுதானே? ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு ராகத்தின் மூலை முடுக்கெல்லாம் போய்வருகிறோம். அவர்கள் முழுக் கச்சேரியையும் நிரவலாகச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். இதுவும் ஒருவகையில் சமக்குறிதான், தெரிகிறது. பழக்கம் எளிதில் விடுவதில்லை.

அடுத்து எனக்கு அகப்பட்டது அவருடைய ஹம்ஸத்வனி. இது நம் வீட்டுச் சொத்து. முத்துஸ்வாமி தீட்சிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீட்சிதர் உருவாக்கியது என்பது வழிவழியாக வரும் செய்தி. வடக்கே போய் அவர்களும் விரும்பிப் பாடுகிற ராகமாகிவிட்டது. நமக்கு ஹம்ஸத்வனி என்றால் கச்சேரி ஆரம்பம். 'வாதாபி'யைப் பாடி, கல்பனாஸ்வரத்தை விறுவிறுவென்று பொழிந்து, சபையைத் தட்டி எழுப்பிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் உடைத்த மாதிரி.

கிஷோரி அந்த ராகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அவசரமே இல்லை. நிஷாதத்தில் நிற்கும்போது அது சட்ஜத்தைக் கெஞ்சிக் கேட்பதுபோல இருக்கிறது. நான் அறுபது வருஷமாக நம் வீட்டுத் திண்ணையில் சிரித்துக்கொண்டிருந்த ஒருவரை முதன்முதலாக அழுது பார்த்த மாதிரி இருந்தது.

இங்கே அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ராகம் என்பது ஒரு பாவத்தின் சூழல், ஸ்வரங்கள் வழியாக அதற்குள் போய்ச் சேருவதே பாடகரின் வேலை என்பது அவருடைய கட்சி. இதைப் பற்றி 'ஸ்வரார்த்தரமணி' என்று மராத்தியில் புத்தகமே எழுதினார். பரதரின் ரஸ சித்தாந்தம்வரை போகிறார். என் கேள்வி சின்னது. ஒரு ராகத்துக்கு அதற்கே உரிய ஒரு பாவம் உண்டென்றால், 'வாதாபி'யில் அவ்வளவு ஆனந்தமாக இருக்கிற ஹம்ஸத்வனி இவர் தொண்டையில் எப்படி ஏக்கமாக மாறுகிறது? இரண்டில் ஒருவர் ராகத்தைத் தவறாகப் பாடினார் என்று சொல்லமுடியுமா? நடையும், நிற்கிற இடமும், குரலும், கேட்கிறவன் வளர்ந்த வீடும் சேர்ந்துதான் பாவத்தைச் செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பாட்டு அவருடைய சித்தாந்தத்தைவிடப் பெரியது. இதைச் சொன்னால் என் பெண், "நீங்க அவங்ககிட்டயே லிஸ்ட் கொடுத்திருப்பீங்க" என்பாள்.

நேரில் கேட்டது 2004-இல், டிசம்பர் மாதம். மாதுங்காவிலிருந்து தாதர் ஒரே ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தைக் கடக்க எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. ஷண்முகானந்தா அரங்கில் செம்மங்குடியையும் எம்.எஸ்.ஸையும் கேட்பதற்காக வரிசையில் நின்றவன், பக்கத்திலேயே தாதரில் இவர்கள் பாடிய இடங்களை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. ரொட்டியும் வடாபாவும் பழகிவிட்டது, மராத்தி பேசப் பழகிவிட்டது, பேரன் பேத்திகள் கணபதிக்கு 'மோரயா' போடுகிறார்கள். சங்கீதத்துக்கு மட்டும் வாசலில் ஒரு கோலம் போட்டு, அதைத் தாண்டக்கூடாது என்று வைத்திருந்தோம். இத்தனைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து தாண்டி வந்தவர்கள் உண்டு. கிரானா பாணியின் அப்துல் கரீம் கான் தெற்கே வந்து நம் இசையைத் தேடிக் கேட்டவர், தியாகராஜ கீர்த்தனையை ஒலித்தட்டில் பாடியவர். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில்தான் உயிர் பிரிந்தது. நான் தாதருக்குப் போகவே என் பெண் டிக்கெட் வாங்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

மேடையில் இரண்டு தம்பூரா. ஒரு பக்கம் தபலா, மறுபக்கம் ஹார்மோனியம், பின்னால் இரண்டு சிஷ்யைகள். அவர் மடியில் ஸ்வரமண்டல். எழுபது வயதைத் தாண்டிய சிறு உருவம். ஸ்ருதி சேர்க்க ஆரம்பித்தார். தம்பூராவின் ஜீவாளி நூலை ஒரு மயிரிழை நகர்த்தச் சொல்வார், கேட்பார், மறுபடி நகர்த்தச் சொல்வார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நம் கச்சேரிகளில் அப்போதே பாதிக்கு மேல் எலக்ட்ரானிக் ஸ்ருதிப்பெட்டி வந்துவிட்டது. பொத்தானைத் தட்டினால் தீர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டு தம்பூராவும் சேர்ந்து ஒரு மூன்றாவது ஒலியை எழுப்பின. யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அரங்கத்தின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் காத்திருந்தார்போல, உடனே பாட ஆரம்பித்துவிட்டார்.

நான் பூப்பை எதிர்பார்த்துப் போனேன். அன்று அவர் பாடியது யமன். மனசுக்குள் கை தானாகச் சமக்குறி போட்டது. கல்யாணி. கூடவே வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. விளம்பித் தீன்தால், பதினாறு மாத்திரை. ஆதி தாளத்துக்குப் பழகிய கை முதல் சுற்றிலேயே திணறியது, இரண்டாவது சுற்றில் தொலைந்துபோனது. பக்கத்து இருக்கையில் ஒரு வயதான மராத்திக்காரர். என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெல்லக் குனிந்து ஹிந்தியில், "கணக்கைத் தபலாக்காரர் பார்த்துக்கொள்வார், நீங்கள் பாட்டைக் கேளுங்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அவர் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. நம் மிருதங்கக்காரர் தாளத்தின் எலும்புக்கூட்டை வாசிப்பதில்லை. பாட்டைத் தழுவிக்கொண்டு அவரும் பாடுகிறார். அதனால் கணக்கைப் பாடகர் கையிலும் சபையின் கையிலும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நாம் எல்லாருமே கச்சேரியின் காவல்காரர்கள். அங்கே தபலா ஒவ்வொரு சுற்றிலும் அதே டேகாவை வாசித்து, இதுதான் வாசல், இதுதான் கூடம் என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. காவலுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

கை சும்மா இருந்த பிறகுதான் காது திறந்தது என்று சொல்லவேண்டும். மந்தர நிஷாதத்திலிருந்து ரிஷபம், அங்கிருந்து காந்தாரம். சட்ஜத்தைத் தொடவில்லை. தொடாமலேயே சட்ஜம் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. மறுபடி நிஷாதம், மறுபடி காந்தாரம். ஒவ்வொரு தடவையும் வேறு வழியாக வந்தார். ஒருமுறை பாதி வழியில் நிறுத்தி, சற்றே மௌனமாக இருந்து, திரும்பிப்போய்ப் புறப்பட்ட இடத்திலிருந்தே மீண்டும் வந்தார். நம் வித்வான் ஒருவர் இந்த நேரத்துக்குள் கல்யாணியில் மேல் ஸ்தாயி போய், பிருகா உதிர்த்து, கைதட்டல் வாங்கியிருப்பார். இவர் இன்னும் பஞ்சமத்துக்கே வரவில்லை. எப்போது பஞ்சமம் வரும், எப்போது வரும் என்று சபை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வந்தபோது அது வெறும் பஞ்சமம்தான். ஹார்மோனியத்தில் ஒரு விரலால் அழுத்தினால் வருகிற அதே பஞ்சமம். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

ஒலித்தட்டில் இது அகப்படாது. ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம் என்று அளந்து கொடுத்த காலத்தில் அவர் கண்டுபிடித்த பிறகு பாடியதைத்தான் நாம் கேட்டோம். தேடுவதை நேரில்தான் கேட்கமுடிந்தது. அதுவரை நான் நல்ல பாடகர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்திருந்தேன். மேடைக்கு வருமுன்பே தெரிந்ததை நமக்கு எடுத்துக் கொடுப்பவர். இந்த அம்மாள் அறுபது வருஷமாகப் பாடிய யமனை, இன்றைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தோடு பாடினார்.

இப்படிச் சொல்வதால் எல்லாமே எனக்கு ஒத்துக்கொண்டது என்று நினைக்கவேண்டாம். கடைசியில் பாடுகிற பஜன்களில் எனக்கு ஈடுபாடு வரவில்லை. அவ்வளவு நுட்பமாகத் தேடியவர் பஜனில் உணர்ச்சியைக் கொஞ்சம் முன்கூட்டியே கொட்டிவிடுகிறார். ஸ்வரமண்டலை அவ்வப்போது வருடிக்கொண்டே இருப்பது சில இடங்களில் மௌனத்தின் மேல் விழுகிறது. பெரிய குறை ஒன்றைப் பழைய ரசிகர்கள் சொல்வார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜெய்ப்பூர் பாணியின் பலமே ஸ்வரமும் லயமும் ஒன்றையொன்று விடாமல் பின்னிக்கொண்டு போவதுதான். தாயார் மோகுபாயின் பழைய பதிவுகளையும், அதே அல்லாதியா கானின் சிஷ்யையான கேசர்பாய் கேர்கரையும் கேட்டால் தெரியும். முறுக்கிய கயிறு மாதிரி, எங்கும் பிசிறு இருக்காது. (கேசர்பாயின் பைரவி 1977-இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறிப் போய்விட்டது. அவருடைய தானைக் கேட்டு வேற்றுலகவாசிகள் தொடையில் தாளம் போடாமல் இருந்தால் சரி.) மகள் அந்தக் கயிற்றைத் தளர்த்தினார். ஆலாபனையை நீட்டினார். தாய்க்கு அப்பாலும் கற்றவர் அவர். அஞ்சனிபாய் மால்பேகரிடம் பெண்டி பஜார் பாணியின் இழைவைக் கேட்டு வாங்கினார். லயத்தில் கொஞ்சம் போனதென்பது உண்மை. போன இடத்தில்தான் அந்தப் பஞ்சமம் வந்து உட்கார்ந்தது என்பதும் உண்மை. எனக்கு இரண்டும் வேண்டும். அதனால் இப்போது இருவரையும் கேட்கிறேன்.

அவர் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி மத்திய மும்பையில் தம் வீட்டில் காலமானார். எண்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. செய்தி வந்த அன்று என் பெண் புனேயிலிருந்து ஃபோன் செய்தாள். இரண்டு பேருமே அதிகம் பேசவில்லை. "அப்பா, அந்தக் கேசட் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். அவள் கேட்டது கிடைத்தது. கூடவே என் அப்பா வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகளும் கிடைத்தன. அப்பா மன்னார்குடியிலிருந்து 1951-இல் பம்பாய்க்கு வந்தவர். துரித காலப் பிரியர். எம்.டி.ராமநாதன் கச்சேரி என்றால் இரண்டாவது உருப்படியிலேயே எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார், நானும் பின்னாலேயே போவேன். "இவர் பாடி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்டா" என்பார். நான் அதை வெகுகாலம் சங்கீத விமர்சனம் என்றே நம்பினேன். ராமநாதன் 1984-இல் போய்விட்டார். நான் அவரை முழுதாக ஒரு கச்சேரிகூட உட்கார்ந்து கேட்டதில்லை.

பெட்டியில் ஒரு கேசட்டின் மேல் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் 'எம்.டி.ஆர்., சஹானா' என்று இருந்தது. கிஷோரியின் கேசட்டைப் போடுவதற்காக இறக்கிய டேப் ரிக்கார்டரில் முதலில் இதைப் போட்டேன். கனத்த, கீழிருந்து வரும் குரல். ரிஷபத்தில் நிற்கிறார், நிற்கிறார், நகரமாட்டேன் என்கிறார். நடுவில் நீண்ட மௌனம். அந்த மௌனத்துக்கு அப்புறம் காந்தாரத்துக்கு வரப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். டக்கென்று ஒரு சத்தம். அப்பா அங்கேயே பதிவை நிறுத்தியிருந்தார். அதற்குப் பிறகு மாநிலச் செய்திகள்.